பின் கதவு ரப்பரைப் பார்த்தீர்களா?

வெளியே மழை. வண்டிக்குள்ளும் மழை!

தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் பழைய டாட்டா சுமோ, பொலேரோ வைத்திருப்பவர்கள் பலர் ஐப்பசி, கார்த்திகையில் படும் பாடு இது. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். கதவைத் திறந்தால் ஈர நாற்றம்.

காரணம் என்ன? கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர். பட்டறைக்காரர்கள் "பீடிங்" என்பார்கள். பல வீடுகளில் வண்டி நிறுத்த இடம் இல்லை. வண்டி தெருவில் வெயிலில் காய்கிறது. ரப்பரும் காய்ந்து வெடிக்கிறது. கதவு அழுத்தி அழுத்தித் தட்டையாகிவிடுகிறது.

(இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கதவே கிடையாது!)

ஒழுகினால் சிலர் என்ன செய்கிறார்கள்? புது சீட் உறை போடுகிறார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள். இன்னும் சிலர் முன் கதவு ரப்பரை மட்டும் மாற்றுகிறார்கள். பின் கதவை விட்டுவிடுகிறார்கள். "அங்கே யார் நனையப் போகிறார்கள்?" என்று கேட்கிறார்கள்.

இது பெரிய தவறு.

குழந்தைகள் இருக்கும் இடம்

பெரியவர்கள் முன்னால் உட்காருவார்கள். குழந்தைகளை எங்கே ஏற்றுவார்கள்? பின்னால்தான்.

வண்டி ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் காற்று சுழலும். புகைக்குழாயில் இருந்து வரும் புகையும் அங்கேயே சுழலும். பின் கதவில் இடைவெளி இருந்தால் புகை உள்ளே புகுந்துவிடும். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. தலைவலி வரும். வாந்தி வரும். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து.

"பிள்ளைக்கு வண்டி ஒத்துக்கொள்ளவில்லை" என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கிறோம். பின் கதவையும் ஒரு முறை பார்க்க வேண்டாமா?

காகிதச் சோதனை

ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். காகிதத்தை இழுங்கள். இறுகப் பிடித்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் இப்படிப் பாருங்கள்.

பின் கதவில் ஸ்டெப்னி தொங்கினால் கீலையும் பாருங்கள். பாரத்தால் கதவு இறங்கியிருந்தால் புது ரப்பரும் பயன்படாது.

கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் நீர் வெளியேற வழி அது. மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். சில வண்டிகளில் அதோடு ஒழுக்கு நின்றுவிடும். ரப்பர் செலவே இல்லை!

மாற்றும் விதம்

பழைய ரப்பரைப் பிடுங்கியதும் புதியதை மாட்டக் கூடாது. அடியில் துரு இருக்கும். சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, காய விட வேண்டும். துருவின் மேல் ரப்பரை மாட்டினால் தகரம் உள்ளேயே அரித்துப் போகும். 15 வருடம் கடந்த சொந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது, ஓட்டை விழுந்த தரையை யார் ஒப்புக்கொள்வார்கள்?

கதவின் அடிப்பக்க நடுவில் தொடங்குங்கள். கையால் அழுத்திக்கொண்டே போங்கள். இழுத்து மாட்டக் கூடாது. இழுத்த ரப்பர் பிறகு சுருங்கும், மூலையில் தூக்கிக்கொள்ளும். சேரும் இடத்தில் கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள்.

புது ரப்பர் மழையைத் தடுக்கும். வெள்ளத்தைத் தடுக்காது. 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரில் படகு விட்டார்கள். தண்ணீர் வெளியேறும் அதே துளை வழியாக வெள்ளம் உள்ளே வரும். ரப்பரை நம்பி வெள்ளத்தில் இறங்க வேண்டாம்.

மாற்றிய பிறகு சில நாள் கதவு சாத்தக் கடினமாக இருக்கும். ஓங்கி அடிக்க வேண்டாம். பூட்டைத் தளர்த்தவும் வேண்டாம். ரப்பர் தானாகப் படிந்துவிடும்.