தீர்ப்பு உண்டு, வசூலிக்க ஆளில்லை

'ஜீவனாம்சம்' என்ற சொல்லைக் கேட்டதும் பொதுமனத்தில் எழும் சித்திரத்தில் ஒரு கணவன் இருக்கிறான், ஒரு மனைவி இருக்கிறாள், ஒரு நீதிமன்றம் இருக்கிறது. குழந்தை பெரும்பாலும் இருப்பதில்லை. சொல்லைப் பிரித்தால் 'வாழ்வதற்குரிய பங்கு' என்றே பொருள்படும். அந்தப் பங்கு யாருடையது என்பதைச் சொல் சொல்வதில்லை. வழக்குதான் அதை மனைவிக்கு உரியதாக்கியது. பிரிந்து வாழும் தாயோ தந்தையோ குழந்தைக்காகத் தர வேண்டிய தொகைக்கு மட்டுமான ஒரு சொல் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. 'குழந்தைப் பராமரிப்பு' என்றால் காப்பகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரு சொல் இல்லை என்பதாலேயே அது குறிக்கும் பொருளும் இல்லை என்று வாதிடுவது மொழியியலில் பழைய பிழை. இங்கு நிலைமை தலைகீழானது. அதற்கென ஓர் அலுவலகம் இல்லை. ஆகவே அதற்கென ஒரு சொல்லும் புழக்கத்துக்கு வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பெற்றோர் மணமுறிவு பெற்றிருக்க வேண்டியதில்லை, மணம் புரிந்திருக்கவும் வேண்டியதில்லை; குழந்தையின் உரிமை நிற்கும். மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2001-இல் நீக்கப்பட்டது. இடைக்காலத் தொகை கோரும் மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாள்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்தது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இருதரப்பும் வருமானத்தையும் சொத்துகளையும் கடன்களையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்றும், தொகையை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் வகுத்தது.

உள்ளூரிலும் உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வருமான வரம்புக்கு உட்பட்ட தந்தையும் அவ்வுதவியைப் பெறலாம். 15100 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருக்கின்றனர். வழக்குக்கு முன்பே சமரசம் பேச வழியுண்டு; லோக் அதாலத்தில் எட்டப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. பிரிந்த பெற்றோரில் பலர் இவற்றை அறியாமலேயே கடன் வாங்கி வழக்கு நடத்துகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

ஆனால் இவ்வுதவிகள் அனைத்தும் ஆணை பெறும் வரைதான் உடன் வருகின்றன. ஆணைக்குப் பிறகு பணத்தை வாங்கித் தருவது எவருடைய அன்றாடப் பணியாகவும் இல்லை. தொகை வரவில்லை என்றால், குழந்தையை வளர்ப்பவரே மீண்டும் மனுச் செய்ய வேண்டும். நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யத் தவறினால் 144-ஆம் பிரிவின் வழியே பிடியாணை கிடைக்காது. மனுச் செய்தாலும், இறுதிக் கருவி ஒரு மாதம் வரையிலான சிறைதான். சிறையில் இருப்பவர் அந்த மாதம் சம்பாதிப்பதில்லை. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு தாய், அரை நாள் கூலியை இழந்து நீதிமன்ற வராந்தாவில் நிற்பதே நடைமுறையில் நம் வசூல் முறை.

பிற நாடுகள் இதை வேறு விதமாக அணுகியுள்ளன. ஆஸ்திரேலியா 1988-இல் குழந்தை ஆதரவுத் தொகையை வரித்துறை வழியே வசூலிக்கத் தொடங்கியது. ஜெர்மனியில் ஒரு பெற்றோர் தராவிட்டால், உள்ளூர் இளைஞர் நல அலுவலகம் சட்டம் வகுத்த தொகையைக் குழந்தைக்கு முன்பணமாகத் தந்துவிட்டு, பின்னர் தர வேண்டியவரிடம் வசூலிக்கிறது. 2017 முதல் இது 18 வயது வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பிரிட்டன் 1993-இல் தொடங்கிய முகமையோ கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி வேறொரு சேவைக்கு இடம்விட்டது. அலுவலகம் திறப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு அதுவே சான்று.

இந்தியாவில் பெரும்பாலான உழைப்பாளர்களுக்குச் சம்பளச் சீட்டே இல்லை. வரித்துறையை நம்பும் முறை இங்கு எப்படிப் பொருந்தும் என்ற மறுப்பு எழலாம். மறுப்பு நியாயமானது. ஆயினும் அது மாதச் சம்பளக்காரரிடமிருந்தும் வசூலிக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தொகை தராதவரின் ஊதியத்தில் ஒரு பகுதியை நேரடியாகச் செலுத்துமாறு அவருக்கு வேலை தருபவரையே பணிக்க நடுவருக்கு 2005-லேயே அதிகாரம் தந்துவிட்டது. வழி சட்டத்தில் இருக்கிறது. அதைக் கையாளும் ஆள்தான் இல்லை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே ஒரு வசூல் பிரிவை அமைப்பது முதற்படியாகலாம். ஆணை பிறந்ததும் அது அங்கே பதிவாக வேண்டும். தொகை அப்பிரிவின் வழியே வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். ஒரு மாதம் தவறினால் அறிவிப்பும் மனுவும் அங்கிருந்தே புறப்பட வேண்டும். உண்மையாகவே வேலையிழந்தவர் தொகையைத் திருத்தக் கோரும் மனுவையும் அதே இடத்தில் தரலாம்.

இதனால் தந்தையருக்கும் நன்மையுண்டு. பணம் தந்தும் பிள்ளையைக் காண முடியவில்லை என்று குமுறுவோர் உண்டு. காண விடாததால் பணத்தை நிறுத்துவோரும் உண்டு. தாயும் தந்தையும் தமக்குள் நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டிய நிலையில், பணமும் சந்திப்பும் ஒன்றுக்கொன்று பண்டமாற்றாகிவிடுகின்றன. உண்மையில் இரண்டுமே குழந்தையின் உரிமைகள். பணம் ஓர் அலுவலகத்தின் வழியே செல்லும்போது பேரத்துக்கு இருக்கும் இடம் குறையும்.

கணவன் மனைவி உறவு முறியலாம். முறிவதில் எவருக்கும் இழிவில்லை. பெற்றோர் என்ற உறவை எந்தத் தீர்ப்பாணையும் முறிப்பதில்லை. அந்த மிஞ்சிய உறவைக் காக்கும் பொறுப்பை வளர்ப்பவரின் தோளில் மட்டும் ஏற்றி வைத்திருக்கிறது அரசு. வாழ்வதற்குரிய பங்கு குழந்தையுடையது எனில், அதைக் கேட்டு அலைய வேண்டிய கடமை தாய்க்கோ தந்தைக்கோ இருக்கக் கூடாது.