தாய்ப்பூனை மறந்துவிடுமா?

பூனைக்கு நினைவு நிலைப்பதில்லை. குட்டியை எடுத்துச் சென்றால் இரண்டு நாள் கத்தும், மூன்றாம் நாள் மறந்துவிடும் என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் கூற்று. இதனை நம்பியே, கண் திறந்து சில நாள்களே ஆன குட்டிகளைச் சாக்குப்பையில் இட்டு, மீன்கடைத் தெருவிலோ சந்தைத் திடலிலோ விட்டுவருவோர் நம்மிடையே உளர். கூற்று உண்மைதானா, அன்றி நம் செயலுக்கு நாமே தேடிக்கொண்ட சாக்கா என்பதை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

மறந்துவிடும் என்போர் ஒரு சான்று காட்டுவர். பிரிந்து ஐந்தாறு திங்கள் கழித்து, வளர்ந்துவிட்ட குட்டியைத் தாயின்முன் கொணர்ந்தால் தாய் சீறுகிறது, அடிக்கவும் பாய்கிறது. இக்காட்சியை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் சீறுவதனாலேயே மறந்துவிட்டது என்று முடிவுகட்டுதல் பொருந்துமா?

நாம் முகம் கண்டு உறவறிகிறோம்; பூனையோ மோப்பத்தால் உறவறிகிறது. பிறக்கும் குட்டிக்குக் கண் திறந்திருப்பதில்லை. அந்நிலையிலேயே தாயின் மணம் பற்றி மடியைத் தேடிச் சேர்கிறது. சில நாள்களில் தனக்கென ஒரு முலைக்காம்பையும் வரித்துக்கொள்கிறது. வேற்று வீட்டில் வளரும் குட்டியின்மீது அவ்வீட்டின் மணம் படிந்துவிடுகிறது. ஒரே வீட்டில் வாழும் பூனைகளுள் ஒன்று மருத்துவமனைக்குச் சென்று சில மணி நேரத்தில் திரும்பினாலும், மற்றது சீறுவதுண்டு. எனவே சீற்றம் புதிய மணத்தின்மீது எழுவதாகவும் இருக்கலாம்; அதனை மறதிக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

மெக்சிகோ நாட்டில் ஆய்வாளர் சிலர் இப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர். நான்கு வார வயதுடைய குட்டிகள் தம் தாயின் குரலை வேறொரு தாயின் குரலினின்று பிரித்தறிகின்றன என்று 2016இல் அவர்கள் வெளியிட்டனர். தாயைப் பிரிந்து திங்கள் பல சென்ற பின்னும், தாயின் உடல்மணத்தை வேற்றுப் பூனையின் மணத்தினின்று குட்டிகள் வேறுபடுத்துகின்றன என்பது 2022இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு. தாய்ப்பூனை தன் குட்டியின் மணத்தையும் பிறர் குட்டியின் மணத்தையும் வேறுபடுத்தி அறிய வல்லது. எனினும், கூட்டிற்கு வெளியே கிடக்கும் குட்டிகளை மீட்கும்போது அது தன்னது பிறரது என்று பாராட்டுவதில்லை. இரண்டையுமே கவ்விக்கொண்டு வருகிறது. வேறுபாட்டை அறியும் ஆற்றல் இருந்தும் ஒதுக்காத அப்பண்பு, நாம் கற்கவேண்டிய பாடமன்றோ?

ஆனால் நம் கருத்து இத்துடன் நிற்பதன்று. தாய் ஒருநாள் மறந்தே போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மறக்கும் நாள் வரையில் அது அலைந்து கத்துவது பொய்யாகுமா? பயணம் ஒன்றில் தோழர்கள் சிறு பறவையொன்றின் குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றிவந்தது. அதனைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள் என அபூதாவூது நூலில் காண்கிறோம். அப்பறவை நாளை இவற்றை நினைவில் வைத்திருக்குமா என்று அண்ணலார் வினவவில்லை. அன்றைய துயரமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் மாளவிட்ட பெண் தண்டனைக்குள்ளான செய்தியை நாம் அனைவரும் அறிவோம். பூனைக்குட்டியின்மீது கொண்ட அன்பாலேயே 'அபூஹுரைரா' என்னும் பெயர் பெற்ற நபித்தோழரின் வழியாகத்தான் எண்ணற்ற நபிமொழிகள் நம்மை வந்தடைந்துள்ளன. அம்மொழிகளைப் போற்றும் சமுதாயத்தின் தெருக்களில் சாக்குப்பைக் குட்டிகள் கிடப்பது தகுமா?

பூனைகள் பெருகினால் இல்லத்தார்க்கு இடர் உண்டு என்பதை மறுக்கவில்லை. பிரிவு தவிர்க்க இயலாததெனில் முறையோடு நிகழட்டும். குட்டி பால்மறந்து தானே உண்ணப் பழக எட்டு வாரங்களேனும் ஆகும். பின்லாந்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றித் தகவல் திரட்டி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, எட்டு வாரங்களுக்கு முன் பிரிக்கப்பட்டவை பிற்காலத்தில் மூர்க்கம் மிகுந்தவையாகின்றன என்றும், பதினான்கு வாரங்கள் வரை தாயோடு இருத்தலே நன்று என்றும் கூறுகிறது. அதுவரை பொறுத்திருந்து, வளர்க்க விரும்பும் ஒருவரின் கையில் ஒப்படைப்பதே கடமை. பெருக்கத்தைத் தடுக்கும் வழிகளைக் கால்நடை மருத்துவரிடமும், அவற்றின் மார்க்க நிலையை ஆலிம் பெருமக்களிடமும் கேட்டறியலாம்.

தாய்ப்பூனை மறந்துவிடுமா என்று கேட்டுத் தொடங்கினோம். அதன் நினைவின் அளவைப் படைத்தவனே முற்றும் அறிவான். அது மறக்கினும் மறவாவிடினும், நாம் செய்தது நம் ஏட்டில் பதிவாகிறது. சாக்குப்பையைக் கையில் எடுக்கும் முன் இளைய தலைமுறை இதனைச் சற்றே எண்ணிப் பார்க்குமாக.