பண்டறி சுட்டும் ஆங்கில ‘தி’யும்

ஆங்கில மொழியிலுள்ள பெருஞ்சொற்கள் நம் மாணவரை அத்துணை வருத்துவதில்லை. சிறு சொற்களே வருத்துகின்றன. அவற்றுள் தலைமையானவை, ஆங்கில இலக்கணத்தார் ‘ஆர்ட்டிகிள்’ என வழங்கும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் மூன்றுமாம். வேண்டுமிடத்து விடுத்தும், வேண்டாவிடத்துப் பெய்தும் எழுதிய விடைத்தாள்கள் சிவப்பு மையாற் கோடிடப்பெற்று மீளுதலை யாவரும் அறிவர். மதிப்பெண் குறைதல் சிறிது. நாட்டுப்புறத்து இளைஞனொருவன் வேலை வேண்டி எழுதும் விண்ணப்பத்தில் ஒரு ‘தி’ பிறழ்ந்தமை கண்டு, அவன் அறிவே பிறழ்ந்ததென எண்ணுவாரும் உளர். அதுவே பெரிது.

“தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, ஆதலின் தமிழனுக்கு அது வாராது” என்பர் சிலர். முற்கூற்று மெய், பிற்கூற்றை யான் உடன்படேன். இலத்தீனும் வடமொழியும் ருசிய மொழியும் ஆர்ட்டிகிள் இன்றியே இயல்வன. பழங்கிரேக்கத்தில் ‘தி’ போல்வது உண்டு. ‘எ’ போல்வது இல்லை. ஆங்கிலத்திலுங்கூட ‘தி’ என்பது பழைய சுட்டுச்சொல் ஒன்றன் தேய்வே. ‘ஆன்’ என்பது ஒன்று என்னும் எண்ணுப்பெயரின் தேய்வே. ‘எ’ அதனினும் தேய்ந்தது. பிரெஞ்சு மொழியின் ‘ல’, ‘லா’ என்பனவும் ‘அவன், அது’ எனச் சுட்டும் ‘இல்லே’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. சுட்டும் எண்ணுமே இவற்றிற்கு மூலமாயின், சுட்டும் எண்ணும் தமிழருக்குப் புதியனவோ?

நம் உரையாசிரியர்கள் சுட்டினை ஆராய்ந்த நுட்பத்தை நோக்குக. முன்னர் அறியப்பட்ட பொருளைச் சுட்டுவதைப் ‘பண்டறி சுட்டு’ என்றனர். உலகம் எல்லாம் அறிந்த பொருளைச் சுட்டுவதை ‘உலகறி சுட்டு’ என்றனர். “ஒரு பசு வயலில் மேய்ந்தது, அப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது” என்புழி, முதற்பசு ஆங்கிலத்தில் ‘எ கவ்’, இரண்டாம் பசு ‘தி கவ்’. இது பண்டறி சுட்டு. ஞாயிற்றைத் ‘தி சன்’ என்றும் திங்களைத் ‘தி மூன்’ என்றும் கூறுவது உலகறி சுட்டு. ஒரே வேற்றுமை யாதெனின், தமிழன் வேண்டியபோது மட்டும் சுட்டுவான். ஆங்கிலேயன் எப்போதும் சுட்டியே தீர்வான்.

‘எ’, ‘ஆன்’ என்பவற்றின் வேறுபாடோ நமக்கு இன்னும் எளிது. ஒன்று என்பது உயிர்முதன்மொழியோடு புணருங்கால் ஓர் எனத் திரிதலைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலிற் கூறிவைத்தார். ஒரு மரம், ஓர் ஊர் எனப் பிழையின்றி எழுதுவான் ‘எ ட்ரீ’, ‘ஆன் ஆப்பிள்’ என எழுதுதற்கு மருள்வானேன்? ஒன்று மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்தன்று, ஒலியே அளவை. ‘அவர்’ என ஒலிக்கும் மணிப்பொழுதின் பெயர் மெய்யெழுத்தாற் றொடங்கினும் அதன்முன் ‘ஆன்’ வரும். ‘யூனிவர்சிட்டி’ உயிரெழுத்தாற் றொடங்கினும் அதன்முன் ‘எ’யே வரும்.

இனி, தமிழில் வேறொரு கருவியும் உண்டு. “அவன் மாடு வாங்கினான்” என்பதற்கும் “அவன் மாட்டை வாங்கினான்” என்பதற்கும் பொருள் ஒன்றன்று. முன்னது ஏதோ ஒரு மாடு. பின்னது பேசுவானும் கேட்பானும் அறிந்த மாடு. அஃறிணைப் பெயர்மேல் ஐயுருபு விரிந்தும் தொக்கும் நிற்குமிடத்து இவ்வேறுபாடு பெரும்பாலும் புலனாகும். “கதவைச் சாத்து” என்னும் தாய், எக்கதவு என்று சொல்லாமலே மகன் அறிவான் என்பதை அறிவாள். அவ்வறிவே ஆங்கிலத்தில் ‘தி டோர்’ என வெளிப்படுகின்றது. ஆகவே மாணவன் தன்னையே வினவ வேண்டியது ஒன்றே: “யான் கூறும் பொருள் இன்னதெனக் கேட்போன் அறிவானா?” அறிவானாயின் ‘தி’, அறியானாயின், அப்பொருள் எண்ணத்தக்க ஒருமையாயுமிருப்பின், ‘எ’ அல்லது ‘ஆன்’. நீர், அரிசி போல எண்ணலாகாதவற்றைப் பொதுவகையாற் கூறுங்கால் ஒன்றும் வேண்டா.

இவ்வொரு வினா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யான் சொல்லேன். ஆற்றின் பெயர் ‘தி’ பெறும். ஊரின் பெயர் பெரும்பாலும் பெறாது. அரசலாற்றுக்கு உண்டு, காரைக்காலுக்கும் எம்மூராகிய குரும்பகரத்துக்கும் இல்லை, ஆயின் ஒல்லாந்து நாட்டுத் ‘தி ஹேக்’ நகருக்கு மட்டும் உண்டு. வழிபடச் செல்வோன் ‘டு சர்ச்’ செல்வான். அக்கோயிலின் கூரையைச் செப்பனிடச் செல்லும் கொற்றன் ‘டு தி சர்ச்’ செல்வான். இவை மரபு. மரபினை விதியாற் கற்றல் அரிது. நல்லோர் எழுதிய நூல்களை வாய்விட்டுப் பயின்றே கற்றல் வேண்டும்.

காரைக்கால் மக்களுக்கு இதிற் பிறிதோர் அனுபவமும் உண்டு. 1739-இல் பிரெஞ்சியர் கைப்பட்ட இப்பகுதி, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. பிரெஞ்சியர் ஆட்சியில் இங்குப் பள்ளியிலும் மன்றிலும் பயின்றது பிரெஞ்சு. அதிலும் ஆர்ட்டிகிள் உண்டு. ஆயின் ஆங்கிலத்தோடு ஒத்ததன்று. வாழ்க்கையைப் பொதுவகையாற் கூறுங்கால் பிரெஞ்சு ‘லா வி’ எனச் சுட்டொடு கூறும்; ஆங்கிலம் ‘லைஃப்’ என வாளா கூறும். நாட்டின் பெயரையும் ‘லா பிரான்ஸ்’ என்பது பிரெஞ்சு. ஆங்கிலமோ ‘பிரான்ஸ்’ என்றே நிற்கும். ஆர்ட்டிகிள் உடைய மொழியினரே ஒருவர்க்கொருவர் இடறுவராயின், தமிழ் மாணவன் மட்டும் நாணுவது எற்றுக்கு?

இவ்வேறுபாடு வகுப்பறை அளவில் நிற்பதுமன்று. 1967-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் 242-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டுப் போரிற் கைப்பற்றிய நிலப்பகுதிகளினின்று இசுரேற் படைகள் விலகவேண்டும் என்றது அது. ஆங்கில வாசகத்தில் நிலப்பகுதிகள் என்னும் சொல்லின்முன் ‘தி’ இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ ‘தே’ என ஆர்ட்டிகிள் உள்ளடங்கிய சொல் நிற்கின்றது. எல்லாப் பகுதிகளுமா, சிலவா என்னும் வழக்கு அன்று தொடங்கி இன்றும் ஓய்ந்திலது. ஒரு நாட்டின் எல்லையே ஒரு ‘தி’யின் இன்மையைப் பற்றி வாதிக்கப்படுமாயின், இதனைச் சிறு சொல்லென இகழ்வார் யார்?

ஆதலின் யான் வேண்டுவது இது. கோடிட்ட இடங்களை நிரப்புக என்று நூறு வாக்கியங்களைக் கொடுத்து மாணவனை ஊகிக்கவிடுதல் போதாது. ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் நின்று, சுட்டும் ஓரும் ஐயுருபும் ‘தி’யோடும் ‘எ’யோடும் எங்ஙனம் ஒக்கும், எங்ஙனம் வேறுபடும் என்று காட்டுக. அதனால் ஆங்கிலம் தெளியும்; தமிழும் காக்கப்படும். ஏனெனில், ஆங்கில ‘எ’யைப் பின்பற்றி “அவர் ஒரு ஆசிரியர், இது ஒரு நல்ல நூல்” என எங்கும் ஒருவைப் பெய்தெழுதும் வழக்கம் நம்மிடைப் பரவி வருகின்றது. “அவர் ஆசிரியர், இது நல்ல நூல்” என்பதே தமிழின் நடை. ஆங்கிலத்தில் ‘எ’யை விடுதல் குற்றமாயின், தமிழில் அதனை நுழைத்தலும் குற்றமே. தன் மொழியின் சுட்டை அறிந்தவன் பிறமொழியின் சுட்டையும் அறிவான். இரண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தவும் வல்லனாவான்.