விட்டுப்போனது தையலா, நெசவா?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், தேவராஜ அர்ஸ் சாலையின் ஜவுளிக்கடைகளில் எடுத்த பட்டுத்துணி பக்கத்துச் சந்துகளில் ரவிக்கையாகிறது. சில மாதங்களில் அக்குளோரம் பிளந்தால் உடுத்தியவர் சொல்வது ஒன்றே: "தையல் விட்டுப்போச்சு." அந்த வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் தவறானது.

பிளந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பல வேளைகளில் தையல்நூல் அறாமலே இருக்கும். வழவழப்பான இழை, நெருக்கமற்ற நெசவு, இறுக்கமான அளவு மூன்றும் கூடும்போது, தையல் கவ்விய இழைகள் குறுக்கிழைகளின் மீது நழுவித் துணியின் விளிம்பை நோக்கி நகர்கின்றன. இடையில் ஒருதிசை இழைகள் மட்டும் ஏணிப்படிபோல் எஞ்சுகின்றன. இதை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 13936 தர நிர்ணயம், நழுவுபவை நெசவிழைகள் என்று தன் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்த இந்த இலக்கணம் கருத்தரங்குகளுக்கு மட்டும் தெரிவதில்லை. 'தையல் தர மேம்பாடு' எனத் தொடங்கி, 'ஆபரேட்டரின் திறன் குறைவு' எனக் காரணம் கண்டு, 'பயிற்சி தேவை' என முடியும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. (பழந்தமிழில் 'தையல்' பெண்ணுக்கும் பெயர். ஆயத்த ஆடை ஆலைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். இந்தச் சொல்லொற்றுமையில் சிரிக்க ஏதுமில்லை.)

நழுவலைத் தடுப்பவை எவை? தையலுக்குள் போதிய துணி விடுவது, அங்குலத்துக்குச் சில தையல்கள் கூட்டுவது, மெல்லிய ஊசி, மடித்துத் தைக்கும் முறை, உள்துணி, தொடக்கத்திலேயே நெருக்கமான நெசவு. இவற்றில் எதை அந்தப் பெண் முடிவு செய்கிறாள்? துணி வெட்டப்பட்டே அவளிடம் வருகிறது. ஓரத்தில் சில மில்லிமீட்டரைக் குறைத்து ஆயிரம் உருப்படிகளில் துணி மிச்சம் பிடித்த கை வேறு. ஊசியும் நூலும் வாங்கிய கை வேறு. சந்துத் தையற்காரரின் நிலையும் அதுவே: 80 செ.மீ. துணியைக் கொடுத்து, உடலோடு ஒட்டித் தைக்கச் சொன்னால், உள்ளே விடுவதற்கு அவர் எங்கே போவார்?

நூலே அறுந்து பிளந்திருந்தால் அது வேறு வழக்கு. நூல் இழுப்பு தவறியிருக்கலாம், ஊசி மழுங்கியிருக்கலாம், கைப்பிழையும் இருக்கலாம். இரண்டையும் ஒரே 'தையல் குறை' எனக் கட்டத்தில் நிரப்பி விழுக்காடு போடுவது ஆய்வாகாது. அடுத்த கட்டுரை எழுதுபவர், பிளந்த மாதிரிகளில் நூல் அறுந்தவை எத்தனை, இழை நழுவியவை எத்தனை என்று முதலில் பிரித்து எண்ணட்டும். அதற்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.