தட்டு போதும், மோட்டார் வேண்டாம்

ஆற்றுக்குப் போனால் நாம் குளிப்போம், துணி துவைப்போம், தூண்டில் போடுவோம். கலிஃபோர்னியாவில் சிலர் தங்கம் தேடுகிறார்கள்! பிழைப்புக்காக இல்லை, பொழுதுபோக்குக்காக. விடுமுறை நாள் வந்தால் ஒரு தட்டையும் மண்வாரியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பிவிடுவார்கள். நாள் முழுக்கக் குனிந்து முதுகு ஒடிந்த பிறகு கிடைப்பது பெரும்பாலும் கடுகில் பாதிகூட இருக்காது. ஆனாலும் அந்த மஞ்சள் பொட்டைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தப் பொழுதுபோக்கை வைத்து அங்கே பல வருடங்களாக ஒரு சண்டை நடக்கிறது. கையால் அரிப்பவர்களோடு யாருக்கும் பெரிய தகராறு இல்லை. மோட்டார் வைத்து ஆற்றின் அடியையே உறிஞ்சுபவர்களைப் பற்றித்தான் பேச்சு. 2009ல் கலிஃபோர்னியா அரசு அந்த மோட்டார்களைத் தடை செய்தது. அது சரியான முடிவு, ஆனால் கையால் அரிப்பதை எங்கேயும் தொடக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் அரிசி அரிப்பது போலத்தான். தண்ணீரோடு பாத்திரத்தை ஆட்டினால் அரிசி மேலே வரும், கல் அடியில் தங்கும். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனமானது. சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் தட்டைச் சுழற்றச் சுழற்ற மணல் வழிந்துவிடும், தங்கத் துகள் அடியில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் நகைப்பட்டறைத் தெருக்களில் தூசியையும் சாக்கடை மண்ணையும் அலசித் தங்கம் எடுப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

ஆறும் ஒரு பெரிய தட்டு மாதிரிதான். வெள்ளத்தின் வேகம் குறையும் இடத்தில் கனமான பொருளைப் போட்டுவிட்டுப் போகும். வளைவின் உட்பக்கம், பெரிய பாறைக்குப் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு... தங்கம் தேடுகிறவர்கள் இந்த இடங்களைத்தான் பார்ப்பார்கள். ஓர் ஆறு எப்படி ஓடுகிறது என்பதைப் புவியியல் பாடப் புத்தகத்தைவிட இது நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடும்.

இப்போது மோட்டாருக்கு வருவோம். ஒரு சிறிய மிதவை, அதன் மேல் எஞ்சின், பம்பு, தடிமனான குழாய். ஒருவர் தண்ணீருக்குள் மூழ்கிக் குழாயின் வாயைப் படுகையில் வைப்பார். கல்லும் மணலும் உறிஞ்சப்பட்டு மேலே உள்ள சரிவான தொட்டியில் ஓடும். அதன் குறுக்குக் கட்டைகளில் தங்கம் தங்கும், மற்றதெல்லாம் மறுபடியும் ஆற்றில் விழும். தட்டில் ஒரு நாளில் அலசும் மண்ணை இது சில நிமிடங்களில் அலசிவிடும்.

"எடுத்த மண்ணைத்தானே திரும்பப் போடுகிறார்கள், அதில் என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் அந்த ஆறுகளின் பழைய கதையில் இருக்கிறது.

1848 ஜனவரியில் கொலோமா என்ற இடத்தில், அமெரிக்கன் ஆற்றங்கரையில், மரமறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார். செய்தி பரவியதும் உலகமே அங்கே ஓடியது. சில வருடங்களில் சுலபமாகக் கிடைத்த தங்கம் தீர்ந்துபோனது. பிறகு வந்தவர்கள் பெரிய பீரங்கி போன்ற குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி மலைகளையே கரைத்தார்கள். கரைந்த சேறு யூபா போன்ற ஆறுகளை நிரப்பி, கீழே இருந்த விவசாயிகளின் வயல்களை மூடியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1884ல் நீதிபதி லொரென்ஸோ சாயர், சேற்றை ஆற்றில் விடக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

சேற்றோடு இன்னொன்றும் ஆற்றுக்குள் போனது. அதுதான் பாதரசம். பொடித் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொட்டிகளில் அதை ஊற்றுவார்கள், கணிசமான பகுதி வழிந்து ஓடிவிடும். இப்படி ஆற்றுமணல் சுரங்கங்களிலிருந்து வெளியேறிய பாதரசம் மட்டும் சுமார் 4,500 டன் என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் ஒரு பகுதி இன்றும் படுகையில் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனுக்குள் போகிறது, மீனைத் தின்பவருக்குள் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம் இது.

மோட்டார்க்காரர்கள் ஒரு நல்ல வாதம் வைக்கிறார்கள். "பாதரசமும் கனமானதுதானே, எங்கள் தொட்டியில் அதுவும் தங்கிவிடுகிறது. நாங்கள் ஆற்றைச் சுத்தம் செய்கிறோம்!" இதை அமெரிக்கன் ஆற்றிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனையின் அறிக்கை 2005ல் வந்தது. சுமார் 98 சதவீதம் பாதரசம் தொட்டியில் தங்கியது உண்மை. ஆனால் தப்பித்த 2 சதவீதம் மிக நுண்ணிய வண்டலோடு கலந்து தண்ணீரில் மிதந்து போனது. அடியில் புதைந்து கிடந்ததைவிட இதுதான் ஆபத்து, ஏனென்றால் நெடுந்தூரம் பரவுவது இதுதான்.

இன்னொரு வாதம்: "நாங்கள் கொட்டும் புதுக் கூழாங்கல் குவியலில் சால்மன் மீன்கள் முட்டை இடுகின்றனவே!" இடுகின்றனதான். ஆனால் அந்தக் குவியல் இறுகாத குவியல். அடுத்த வெள்ளத்தில் கல் உருளும், முட்டையும் சேர்ந்து போய்விடும். நல்ல இடம் என்று நம்பி மீன் ஏமாறுகிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை யோசிக்க வைத்தது. "பாதரசத்தைக் கொட்டியது 150 வருடங்களுக்கு முந்தைய முதலாளிகள். தண்டனை எங்களுக்கா?" நியாயமான கோபம். தடையால் மலையடிவாரத்துச் சிறு ஊர்களின் கடைகளுக்கும் வியாபாரம் போனது. ஒருவர் 1872ஆம் வருடச் சுரங்கச் சட்டத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரை போனார். தடை செல்லும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016ல் சொல்லிவிட்டது.

யார் கொட்டினார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி. இன்று யார் கிளறுகிறார்கள் என்பதுதான் மீன் தின்னும் குடும்பத்தின் கேள்வி. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் பொறுப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக வட்டியைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டலாமா? ஒருவருக்கு அது விடுமுறைப் பொழுதுபோக்கு. கீழே இருப்பவருக்கு அது சாப்பாடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் இதையே சாக்காக வைத்துத் தட்டையும் பிடுங்கினால் நான் எதிர்ப்பேன். மார்ஷல் தங்கம் கண்ட கொலோமாவிலேயே, இன்றைய பூங்காவில், ஒரு குறிப்பிட்ட கரையில் யாரும் தங்கம் அரிக்கலாம். கையும் தட்டும் மட்டும், மண்வாரிகூடக் கூடாது. நியூசிலாந்தில் சில ஆற்றுப் பகுதிகளைப் பொதுமக்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அனுமதிச்சீட்டு வேண்டாம், கிடைத்த தங்கம் உங்களுக்கே. ஆனால் மோட்டார் கூடாது. எவ்வளவு எளிமையான விதி பாருங்கள்!

இந்த எல்லை ஏன் சரி? மனித முதுகுக்கு ஓர் அளவு இருக்கிறது. சாயங்காலமானால் வலிக்கும், வீட்டுக்குப் போகச் சொல்லும். எஞ்சினுக்கு முதுகு கிடையாது. பெட்ரோல் இருக்கும் வரை ஓடும்.

அரசு இன்னொன்றும் செய்யலாம். தட்டில் அரிப்பவர்களுக்கும் சில சமயம் பாதரசம் கிடைக்கும். அதைப் பத்திரமாக வாங்கிக்கொள்ள ஆற்றோர ஊர்களிலேயே ஓர் இடம் வைக்கலாம். ஆற்றை நேசிக்கிறோம் என்று சொல்பவர்கள் அதைக் காட்ட அது நல்ல வாய்ப்பு. எப்படியும் தங்கம் பெரிதாகக் கிடைக்கப் போவதில்லை. கிடைக்கப் போவது ஒரு நல்ல பகல் பொழுது. அதற்குத் தட்டு போதாதா?