மூன்றாவதாக அமர்ந்திருந்தவர்

சாய்னா நேவாலின் ஆரம்பக் கதை நம்மில் பலருக்கும் மனப்பாடம். 1990இல் ஹரியானாவின் ஹிசாரில் பிறந்தவர். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் ஹைதராபாத்துக்குப் போகிறது. எட்டு வயதில் இறகுப்பந்து மட்டையைப் பிடிக்கிறார். விடிவதற்கு முன்பே அப்பா ஹர்வீர் சிங் ஸ்கூட்டரை எடுக்கிறார். பயிற்சி நடக்கும் ஸ்டேடியம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரம். செலவுக்கு பி.எஃப். பணம் கரைகிறது. 2006இல், பதினாறு வயதில், பிலிப்பைன்ஸ் ஓபன். 2008இல் உலக ஜூனியர் பட்டம். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் காலிறுதி. 2009இல் இந்தோனேசிய ஓபன். சூப்பர் சீரிஸ் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கதையை ஒரு தந்தையின் தியாகமாகவே திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அந்த ஸ்கூட்டரில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். தூக்கக் கலக்கத்தில் மகள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு போன அம்மா, உஷா ராணி. கட்டுரைகளில் அவருடைய வேலை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் ஹரியானாவுக்காக மாநில அளவில் ஆடிய பாட்மிண்டன் வீராங்கனை. தேசிய அளவில் ஆட வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவுக்காகத்தான் மகள் மட்டையை எடுத்தார்.

இதைப் படித்து நெகிழ்ந்துபோகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு பெண்ணின் கனவு ஏன் அவள் மகள் வழியாகத்தான் நிறைவேற வேண்டும்?

பி.வி. சிந்துவின் கதையும் இப்படித்தான். அப்பா ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற வாலிபால் அணியில் இருந்தவர், 2000இல் அர்ஜுனா விருது பெற்றவர் என்று ஆண்டு வாரியாக எழுதுவார்கள். அம்மா விஜயாவுக்கு அரை வரி: அவரும் வாலிபால் வீராங்கனை. அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஒரு எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த அப்பாக்களைக் குறை சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. 1991 கணக்கெடுப்பில், ஹரியானாவில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 879 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்த மண்ணில் பிறந்த மகளுக்காகச் சேமிப்பைச் செலவழித்த அப்பாவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ‘அப்பா விட்டார், அதனால் ஜெயித்தாள்’ என்று நூறு முறை எழுதும்போது, விளையாட்டு பெண்ணின் உரிமை என்பது போய், அப்பா கொடுக்கும் பரிசாகிவிடுகிறது. பரிசு கிடைக்காத பெண் என்ன செய்வாள்?

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் மைதானம் முழுக்க ஓடும் பெண்கள் ஒன்பதாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். “பெரியவளாயிட்டா டீச்சர், போதும்” என்று சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அவர்களிடம் நான் கேட்பேன்: “நீங்க என்ன விளையாடினீங்க?” முதலில் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பிறகு வரும்: கோ-கோ, கபடி, நூறு மீட்டர் ஓட்டம். மாவட்டப் போட்டி சர்டிபிகேட் பெட்டிக்குள் இருக்கிறது என்பார்கள். அப்புறம் என்று கேட்டால், “அப்புறம் என்ன டீச்சர், கல்யாணம்தான்.”

இந்த அம்மாக்களுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. இடம், நேரம், போக்குவரத்து, பணம், இவை எதுவும் அவர்கள் கையில் இல்லை. இன்று அவர்களுடைய மகள்கள் கையிலும் இல்லை. வீட்டில் வண்டி உண்டா, அப்பாவுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உண்டா என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் ஆட்டம் முடிவாகக் கூடாது. நடந்து போகும் தூரத்தில் மைதானம், உடை மாற்ற அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, இருட்டிய பிறகு வீடு திரும்ப பஸ் இவற்றைக் கேட்போம். தியாகம் செய்யும் பெற்றோர் கிடைக்க வேண்டும் என்று சாமி கும்பிட வேண்டாம்.

அம்மாவின் தியாகத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. தியாகிப் பட்டம் கொடுத்துத்தானே நம்மைக் காலங்காலமாக உட்கார வைத்தார்கள்? உஷா ராணியை ஆட்டக்காரியாக எழுதுங்கள். அவர் எப்படி ஆடினார், யாரிடம் கற்றார், யாரை ஜெயித்தார் என்று எழுதுங்கள். மாணவிகளே, உங்கள் அம்மாவிடமும் இதையே கேட்டு எழுதி வையுங்கள். அவருக்கு நாற்பது வயதுதானே ஆகிறது? மைதானத்தில் அவருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள்.