சும்மாதான் பேசிக்கொண்டிருந்தோம்

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'சிறுதொழில் பயிற்சி'. அதில் இருக்கும் ஏழு பெண்களில் ஒருவர்கூட சிறுதொழில் செய்யவில்லை. யாரும் யாருக்கும் பயிற்சி கொடுக்கவுமில்லை. காலையில் வாசலில் போட்ட கோலம், மொட்டைமாடித் தொட்டியில் காய்த்த முதல் கத்தரிக்காய், நேற்று ராத்திரி சீரியலில் மருமகள் வாய் திறக்காமல் நின்ற கொடுமை, குரல் பதிவில் பாட்டுக்குப் பாட்டு. இவ்வளவுதான் நாங்கள் பேசுவது. தொடக்கத்தில் அந்தக் குழுவுக்கு 'லேடீஸ் கம்பார்ட்மென்ட்' என்றுதான் பெயர். அதை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ரயிலில் கிடைத்த தோழிகள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதன் பெண்கள் பெட்டியில் ஏறிப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி பூக் கட்டுவாள், ஒருத்தி பக்கத்திலிருப்பவள் தோளில் சாய்ந்து தூங்குவாள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியவே சில மாதங்கள் ஆகும். அதுவரை ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர்: குரோம்பேட்டை, பெருங்களத்தூர், ஊரப்பாக்கம். இன்றும் நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில் நின்றது. அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பது அது போன பிறகுதான் உறைத்தது. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில், யாருக்கும் காபி போட வேண்டாத ஒரு மணி நேரம். அதைத் திரும்பப் பிடிக்கத்தான் குழு தொடங்கினோம். ரயில் மறுபடி ஓடியபோது எங்களில் சிலர் மறுபடி ஏறினோம். ஊரப்பாக்கம் ஏறவில்லை. அவளுக்கு வேலை போய்விட்டது. அவளுக்கு மிஞ்சியது போனில் இருந்த பெட்டி மட்டும்தான்.

ஒரு நாள் அவளும் குழுவிலிருந்து வெளியேறினாள். காரணம் பிறகு தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் அவள் போனை எடுத்து, எங்கள் குரல் பதிவுகளை மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். "இந்த வெட்டி அரட்டைக்குத்தான் மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேனா?" தப்பாக ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தப்பு இருந்திருந்தால்கூட அவமானம் குறைவாக இருந்திருக்கும் என்றாள் அவள். ஒன்றுமே இல்லாததைப் பேசிச் சிரித்ததுதான் அவள் குற்றம்.

சில வாரம் கழித்து அவளே ஒரு யோசனை சொன்னாள். "குழுப் பேரை ஏதாவது உபயோகமானதா மாத்துங்கப்பா. நான் திரும்ப வந்துடுவேன்." மாற்றினோம். வந்தாள். கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி பணம் வரக்கூடிய ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள் என்பது அவருக்குப் போதும்.

அவளைத் திரும்பப் பெற்றதில் எனக்குச் சந்தோஷம். நாங்கள் கொடுத்த விலையில் எனக்குக் கோபம்.

'சும்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "உங்க மனைவி என்ன பண்றாங்க?" "வீட்ல சும்மாதான் இருக்கா." விடியற்காலை பால் காய்ச்சுவதில் தொடங்கி ராத்திரி மாவை வழித்து வைக்கிற வரை நிற்காமல் ஓடுகிறவளைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறார்கள். மத்திய அரசின் 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களே 88 நிமிடங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேர உழைப்புக்குப் பெயர் சும்மா இருப்பது. அதே பெண் நிஜமாகவே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து தோழியோடு சிரித்தால், அது குற்றம். சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சமாகப் பாடிய மொழி நம்முடையது. அந்த ஞானம் சமையலறை வரைக்கும் வரவேயில்லை.

'அரட்டை' கதையும் இதுதான். எங்கள் ரயில் பாதையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட செயலிக்கு 'அரட்டை' என்று பெயர். 2025இல் மத்திய அமைச்சர்களே அதைப் பரிந்துரைத்தார்கள். நல்ல தமிழ்ப் பெயர் என்று எல்லோரும் பூரித்தோம். பெண்கள் வாயிலிருந்து வரும்போது மட்டும் அதே சொல்லின் முன்னால் 'வெட்டி' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆண்கள் டீக்கடையில் நிற்கிற நேரத்துக்கு யாராவது கணக்குக் கேட்டதுண்டா? பழைய வகுப்புத் தோழர்கள் குழுவில் அவர்கள் அனுப்புவதை எந்த மனைவியாவது சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டியதுண்டா?

நாமும் இதற்கு ஒரு வகையில் உடந்தை. நம் ஓய்வு மேல் கல் விழுந்தால் உடனே பயனைத் தூக்கிக் கேடயமாகப் பிடிக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் சூழ்ந்தபோது, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே பால் கிடைக்கிறது என்று எங்கள் குழுவில்தான் தகவல் ஓடியது. அதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பின்னலும் எம்பிராய்டரியும் ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால் வீடே பாராட்டும். பெண்ணியக் கூட்டங்களில்கூடச் சட்ட ஆலோசனைக் குழு, உடல்நலக் குழு என்றால் மரியாதை. சீரியல் பேசுகிற குழு என்றால் ஒரு புன்சிரிப்பு. பயன் இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் கிடையாது என்ற சட்டத்தை எழுதியது யார்? நம் நேரத்தின் முதலாளி வேறு யாரோ என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சட்டம் செல்லும்.

நான் வை.மு. கோதைநாயகியைச் சாட்சிக்கு அழைக்கலாம். 1901இல் பிறந்தவர், முறையாகப் பள்ளிக்குப் போகாதவர். தன் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதிக்கொடுத்தார். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பியவர் 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தினார். "பார்த்தீர்களா, அரட்டையிலிருந்து இலக்கியம்!" என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அந்த வாதம் வேண்டாம். ஒரு நாவல்கூட வராமல் போயிருந்தாலும், கதை சொல்லியும் கேட்டும் கழிந்த அந்த மத்தியானங்கள் அந்த இரண்டு பெண்களுக்கும் உரியவை.

"போன் பைத்தியம், வதந்தி, ஃபார்வேர்டு குப்பை, இதெல்லாம் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆணுக்கும் இருக்கிறது. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு; ஆண்களில் பத்தில் ஏழு பேர். இருந்தும் போனை வைத்துவிட்டு எழுந்திரு என்ற அதட்டல் முதலில் வருவது நம்மிடம்தான்.

அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். நகரத்துக்குள் இருந்த குடியிருப்பை இடித்து அங்கே அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுத் தோழிகள் ஆளுக்கொரு திசையில் சிதறிப்போனார்கள். ஒரு நாள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்த்தபடியே பழைய பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "வேலைய முடிச்சிட்டுப் பேசுங்கக்கா" என்றேன். உள்ளே வந்து என் போனை எடுத்து, குரோம்பேட்டை அனுப்பிய செம்பருத்திப் படத்துக்கு இதயம் போட்டேன்.

ஊரப்பாக்கத்தின் கணவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான். என் ஓய்வு இன்னொரு பெண்ணின் நேரத்திலிருந்து வெட்டி எடுத்ததாக இருந்தால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, சலுகை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கம்மா" என்றார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் இப்போது எங்கள் வீட்டு ஆண்களுடையது. அன்று அக்காவுக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. வீட்டுவேலையும் உழைப்பே என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த கேள்வி தானாக வருகிறது. உழைப்பு என்றால் அதற்கு ஓய்வு எங்கே? ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்ட் முடிகிறது. ஷிப்ட் முடிந்ததும் அவர் கேரம் ஆடினாரா, கூட்டாளியோடு கதை பேசினாரா என்று முதலாளி கேட்க முடியாது. நமக்கு ஷிப்ட் முடிகிற மணி எது?

இதைப் படிக்கிற கல்லூரி மாணவிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. அம்மா அனுப்புகிற ரோஜாப்பூ 'காலை வணக்க'த்தைத் தோழிகளிடம் காட்டிச் சிரிக்கிறீர்கள். அம்மா போனில் சிரிக்கும்போது "யாரும்மா அது?" என்று எட்டிப் பார்க்கிறீர்கள். உங்கள் போனை அம்மா எட்டிப் பார்த்தால் வீட்டில் என்ன நடக்கும்? நீங்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை தோழிகளோடு பேசுவது தனிமனித சுதந்திரம் என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் பேசுவதும் அதேதான். அவள் பேசும்போது குக்கர் விசில் அடித்தால் நீங்கள் போய் அணையுங்கள். உங்கள் அண்ணனை அனுப்பினால் இன்னும் நல்லது.

மற்றவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, குற்றவாளி போல "சும்மாதான்" என்று சொல்லாதீர்கள். அதே சொல்லை நிமிர்ந்து சொல்லுங்கள்.

எங்கள் குழு இன்னும் 'சிறுதொழில் பயிற்சி'தான். பழைய பெயரைத் திரும்ப வைக்கலாமா என்று போன வாரம் பெருங்களத்தூர் கேட்டாள். அது ஊரப்பாக்கம் சொல்ல வேண்டியது. வீட்டில் அடி வாங்கப்போவது அவள் என்றால், எங்கள் வீரத்துக்கு அர்த்தமில்லை. அவள் வெகு நேரம் பதில் போடவில்லை. பிறகு எழுதினாள்: "தை பொறக்கட்டும். நானே மாத்துறேன்."